பழகின மெஸ்ஸுக்கு மறுபடி போறோம்: ருசி மாறிடுச்சான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? (காரைக்குடி)

பல்லவன் பயணி:

காரைக்குடியில் நன்றாகப் பழகின மெஸ் ஒன்று. பேர் வேண்டாம், குறை சொல்வதற்காக இதைத் தொடங்கவில்லை. சில வருஷ இடைவெளிக்குப் பிறகு போனால் மூன்று விஷயம் வேறாகத் தெரிகிறது. கறிக்குழம்பில் லேசாக இனிப்பு தட்டுகிறது. நாட்டுக்கோழி வறுவல் ஜவ்வாக இழுக்கிறது. மீன் குழம்பில் துண்டு கைபட்டதும் உதிர்கிறது. கல்லாவில் அதே ஆள். அடுப்படியிலும் அதே மாஸ்டர்தான் என்கிறார்கள். ஆனால் கூடத்தைப் பெரிதாக்கி விட்டார்கள், பந்திக்கு இருபது இலை போட்ட இடத்தில் இப்போது அறுபது இலைக்கு மேல்.

அடுத்து அப்பா அம்மாவோடு மறுபடி போகப்போகிறோம். எந்த நேரம், எந்தக் கிழமை, என்ன கேட்டு வாங்கணும்? ருசி நிஜமாகவே மாறிவிட்டதா, போன நேரம்தான் சரியில்லையா என்று இலையைப் பார்த்தே கண்டுபிடிக்க வழி உண்டா?

சரக்கு மாஸ்டர்:

தம்பி, கேள்வியிலேயே பதில் இருக்கு. இருபது இலை அறுபது இலையானதுதான் முதல் காரணம். மாஸ்டர் அதே ஆளா இருந்தாலும் அண்டா பெரிசானா குழம்பு மாறும்.

வெங்காயத்துல ஆரம்பிப்போம். ஒரு கிலோ கறிக்குக் கால் கிலோ சின்ன வெங்காயம். அகலமான சட்டியில போட்டா ஒவ்வொண்ணும் எண்ணெயில பட்டு வதங்கும், ஓரம் சிவந்து வாசம் ஏறும். அதே கணக்குல இருபது கிலோ கறிக்கு அஞ்சு கிலோ வெங்காயத்தை ஒரே அண்டாவுல கொட்டினா என்ன ஆகும்? கீழ் அடுக்கு மட்டும்தான் எண்ணெயில இருக்கும். மேல இருக்கிறதெல்லாம் கீழேருந்து வர்ற ஆவியில வேகும். வெந்த வெங்காயத்துக்கு இனிப்பு உண்டு, வதங்கின வாசம் கிடையாது. நீங்க சொல்ற இனிப்புல பாதி இதுதான்.

விவரம் தெரிஞ்ச அடுப்படியில வெங்காயத்தை ரெண்டு மூணு ஈடா வதக்கி அப்புறம் ஒண்ணாச் சேர்ப்பாங்க. அதுக்கு அரை மணி நேரம் கூடுதலா ஆகும், இன்னொரு அடுப்பு வேணும். பன்னெண்டு மணிக்குப் பந்தி போடணும்னு நெருக்கும்போது முதல்ல கைவிடுறது இந்த வேலையைத்தான்.

இனிப்போட மறுபாதி அரைச்சு விடுறதுல வரும். தேங்காய், சோம்பு, கசகசா அரைக்கிற இடத்துல கசகசா விலைக்குப் பயந்து பொட்டுக்கடலையைக் கூட்டுவாங்க. குழம்பு கெட்டியா நிக்கும், பார்வைக்கும் நல்லா இருக்கும். நாக்குல மாவு தட்டும், பின்னால இனிக்கும். சோத்துல ஊத்தி ரெண்டு நிமிஷம் விட்டுப் பாருங்க. ஓரத்துல எண்ணெய் பிரிஞ்சு சோத்துக்குள்ள இறங்கினா அரைப்பு சரி. மேலேயே களி கட்டி நின்னா பொட்டுக்கடலை.

தண்ணியும் அப்படித்தான். ஒரு கிலோவுக்கு ரெண்டு டம்ளர்னா இருபது கிலோவுக்கு நாப்பது டம்ளர் ஊத்தக்கூடாது. அண்டாவுக்கு வாய் சின்னது, ஆழம் அதிகம், அந்த விகிதத்துல வத்தாது. முப்பதுக்குள்ள நிறுத்தணும். கணக்குப் போட்டு நாப்பது ஊத்தினவங்க, வத்தலைன்னதும் தூளைக் கூட்டிச் சரிக்கட்டுவாங்க. அங்கதான் கடைசி வரைக்கும் போகாத ஒரு பச்சைத் தூள் வாசம் வந்து உக்காரும்.

செக்காலை வாசி:

விறகடுப்பிலிருந்து கேஸுக்கு மாறினதைச் சேர்க்கவில்லையே மாஸ்டர். ருசி போனது அதனால் என்றுதான் ஊரில் பாதிப் பேர் சொல்வார்கள்.

சரக்கு மாஸ்டர்:

கேஸ் மேல பழி போடுறது சுலபம்ணே. சுக்கா வறுவல், சுட்ட கத்தரிக்காய்ல புகை வாசம் வித்தியாசம் காட்டும், ஒத்துக்கறேன். மூடி போட்டுக் கொதிக்கிற குழம்புல அடுப்பு எதுன்னு நாக்கு சொல்லாது. விறகுல ஒரு நன்மை உண்டு. கடைசி அரைமணி தணல்ல கிடக்கும், யாரும் கரண்டி போட மாட்டாங்க, எண்ணெய் தானா மேல வரும். கேஸ்லயும் தீயைக் குறைச்சு அதே அரைமணி விட்டா வரும். விடுறதில்லை, அவ்வளவுதான். அடுப்பு காலியாகணும், அடுத்த சட்டி ஏத்தணும்.

கோட்டையூர் ஆச்சி:

பிள்ளைகளா, இவ்வளவு ஆராய வேண்டாம். பழகின கடைக்கு மறுபடி போனால் முதலில் உப்புக்கறி கேளுங்கள். அடுப்படியின் நிலவரம் அதில் தெரிந்துவிடும். உப்புக்கறியில் மல்லித்தூள் கிடையாது, கரம் மசாலா கிடையாது, தேங்காய் கிடையாது. கறி, சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், நல்லெண்ணெய், மஞ்சள், உப்பு, பேருக்குச் சோம்பும் ஒரு தக்காளியும். கறி பழசானாலும் எண்ணெய் மட்டமானாலும் மறைக்க அதில் ஒன்றுமே இல்லை.

ஒரு கிலோ வெள்ளாட்டுக் கறி, எலும்போடு சின்னச் சின்னத் துண்டாக. சின்ன வெங்காயம் கால் கிலோ முழுசாக, பெரிசு மட்டும் இரண்டாக. பூண்டு இருபது இருபத்தைந்து பல், உரித்து முழுசாக. வரமிளகாய் பதினைந்திலிருந்து பதினெட்டு, கிள்ளி விதையை உதறிவிட வேண்டும். நல்லெண்ணெய் நூறு மில்லி. தக்காளி ஒன்று போதும்.

எண்ணெய் காய்ந்ததும் அரைத் தேக்கரண்டி சோம்பு, அது பொரிந்ததும் மிளகாய். தோல் பளபளத்து ஆழச் சிவப்பாகும், அந்த நொடியில் வெங்காயத்தையும் பூண்டையும் கொட்டிவிட வேண்டும். தாமதித்தால் மிளகாய் கறுத்துக் கசக்கும், பிறகு எதைப் போட்டாலும் திருந்தாது. வெங்காயம் கண்ணாடியானதும் தக்காளி, கறி, மஞ்சள், உப்பு. கறி விடுகிற தண்ணீர் சுண்டும் வரை பத்து நிமிஷம் கிளறி, ஒன்றரை டம்ளர் தண்ணீர் விட்டு மூடி, சின்னத் தீயில் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். கறி வெந்தபின் மூடியை எடுத்துவிட்டுக் கால் மணி நேரம் சுருள வதக்க வேண்டும். அந்தக் கால் மணி நேரத்தில்தான் அது உப்புக்கறி ஆகிறது.

இலையில் வைத்ததும் இப்படி இருக்கணும். மிளகாய்த் தோல் சுருண்டு கறியோடு ஒட்டிக்கிடக்கும், கறுத்திருக்காது. பூண்டு முழுசாகத் தெரியும், விரலால் அழுத்தினால் வெண்ணெயாக நசுங்கும். வெங்காயம் பாதி கரைந்து கறியைப் பூசியிருக்கும். எண்ணெய் இலையில் மெல்லிய செந்நிற விளிம்பாகப் படரும், குளமாகத் தேங்காது. நிறம் செம்பழுப்பு. ரத்தச் சிவப்பாக இருந்தால் மேலே மிளகாய்த்தூள் தூவியிருக்கிறார்கள். குழம்புமாதிரி ஈரமாக இருந்தால் கடைசிக் கால் மணி நேரத்தை விட்டுவிட்டார்கள்.

மிளகாய் மண்டி:

ஆச்சி சொன்னதோட ஒரு விஷயம் சேர்த்துக்கங்க. மிளகாய் வருஷம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைச்சது, அந்தச் சரக்குதான் இந்தப் பக்கத்து அடுப்படிகளுக்கு ஆதாரம். மாசி பங்குனியில புதுச்சரக்கு இறங்கும். நிறம் கண்ணாடியா இருக்கும், தோல் தடிச்சு, குலுக்கினா விதை சத்தம் கேக்கும். ஐப்பசி கார்த்திகையில மழை ஈரத்துல கோணிக்குள்ள கிடந்த பழைய சரக்கு நிறம் மங்கி வெளுத்திருக்கும், காரம் மட்டும் நிக்கும். அதே கைப்பக்குவம், அதே அளவு, ஆனா அடை மழையில சாப்பிடுற உப்புக்கறி பங்குனியில சாப்பிட்டது மாதிரி இருக்காது. மாஸ்டரைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

நிறம் போதலைன்னு சில கடையில தூளைக் கூட்டுவாங்க, கலர்பொடி போடுறவங்களும் உண்டு. கண்டுபிடிக்க வழி: சாப்பிட்டு முடிச்சதும் விரலைத் தண்ணியில கழுவுங்க. மிளகாய் நிறம் எண்ணெயோட ஒட்டும், வெறும் தண்ணிக்கு லேசில் போகாது, சோப்பு கேக்கும். கலர்பொடி வெறும் தண்ணியிலயே சிவப்பாக் கரைஞ்சு ஓடும்.

பல்லவன் பயணி:

கல்பாசி, மராட்டி மொக்கு என்ற வாசனைச் சரக்குகள் பற்றி யாரும் சொல்லவில்லையே. முன்பு அந்தக் கடையின் வறுவலில் ஒரு மண்வாசம் வரும், இப்போது அதுவும் இல்லை.

மிளகாய் மண்டி:

அது கல்பாசி வாசம். மரப்பட்டையிலயும் பாறையிலயும் படர்ற லைக்கன், பேர்லதான் பாசி. சும்மா மோந்து பார்த்தா வாசமே இருக்காது, சூடான எண்ணெயில பட்டாத்தான் மணக்கும். ஒரு கிலோ கோழிக்கு, கிள்ளி எடுத்தா ரெண்டு விரலுக்கு நடுவுல அடங்குற அளவு. கூடினா கசப்பு, மருந்து வாடை. பட்டைத் துணுக்கும் மணலும் ஒட்டியிருக்கும், பொறுக்கி உதறாமப் போட்டா கடைசிச் சோத்துல பல்லுக்கு நறநறக்கும்.

தாளிக்கும்போது வரிசை முக்கியம். பட்டை, அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு முதல்ல. அப்புறம் சோம்பு. கல்பாசி கடைசியில, அது போட்ட உடனே வெங்காயம் விழணும். மெல்லிசு, சீக்கிரம் கருகும். மராட்டி மொக்கு கிலோவுக்கு ரெண்டு போதும்.

உங்க கடையில வாசம் போனதுக்குக் காரணம் பெரும்பாலும் பாக்கெட் தூளா இருக்கும். அரைச்சு மாசக்கணக்குல அலமாரியில நின்ன தூள்ல முதல்ல பறக்கிறது இந்த வாசம்தான், மல்லி மட்டும் மிஞ்சும். சொந்தமா வறுத்து அரைக்கிற கடையில வாரத்துக்கு ஒருமுறையாவது வாசல்லயே மல்லி வறுபடுற வாசம் வரும். பாயாசத்துக்கு ஏலக்காய் தட்டுற மாதிரி கொஞ்சமாத் தட்டிப்போட்ட மசாலான்னா இலையில கொரகொரப்பு தெரியும். மாவா இருந்தா பாக்கெட்டு.

கோட்டையூர் ஆச்சி:

செட்டிநாடு என்று பலகை மாட்டிய எல்லா இடத்திலும் கல்பாசியை அள்ளிப் போடுகிறார்கள், அதுவும் சரியில்லை. எங்கள் வீட்டுச் சமையலில் மிளகும் சோம்பும்தான் முன்னால் நிற்கும். கல்பாசி இருப்பது தெரியக்கூடாது, இல்லாவிட்டால் தெரிய வேண்டும். காரமும் அப்படித்தான். கண்ணில் தண்ணீர் வந்தால் அது செட்டிநாட்டுச் சமையல் என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ, தெரியவில்லை. வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளும்படி காரம் வைப்பதற்குத்தான் விதையை உதறுகிறோம், நல்லெண்ணெய் ஊற்றுகிறோம்.

செக்காலை வாசி:

நாட்டுக்கோழி ஜவ்வாக இழுப்பதற்கு வருகிறேன். மூன்று வகைக் கோழி நாட்டுக்கோழி என்ற பேரில் வருகிறது. முதல் வகை நிஜ நாட்டுக்கோழி, ஆறு மாதத்திலிருந்து எட்டு மாத விடைக்கோழி. குக்கர் இல்லாமல் வேக முக்கால் மணியாவது ஆகும். எலும்பு மெலிசு, ஆனால் கெட்டி, கடித்தால் உடையாது. தோலை உரிக்காமல் மஞ்சள் தடவி வாட்டியிருப்பார்கள். கறி நார் நாராகப் பிரியும். மெல்ல வேண்டும், ஆனால் மென்றால் கரையும்.

இரண்டாவது பண்ணையில் வளர்க்கும் கலப்பினம். பார்வைக்கு நாட்டுக்கோழி மாதிரியே இருக்கும், ருசி பிராய்லருக்கும் நாட்டுக்கோழிக்கும் நடுவில். இதில் ஏமாற்று இல்லை, விலை குறைத்து விற்றால் நியாயம்தான்.

மூன்றாவதுதான் தொல்லை. முட்டை போட்டு ஓய்ந்த பண்ணைக் கோழி. வயசு ஒன்றரை வருஷத்துக்கு மேல், மலிவாகக் கிடைக்கும். தோலுக்கு அடியில் மஞ்சள் கொழுப்பு திட்டுத் திட்டாக இருக்கும். கறி வெந்தாலும் ரப்பராக எதிர்க்கும், மென்றாலும் பிரியாது. நீங்கள் சொல்வது இந்த வகை என்றே தோன்றுகிறது. நிஜ நாட்டுக்கோழி வேண்டுமானால் காலையில் பத்து மணிக்குள் போன் போட்டு, 'முழுக் கோழி எடுப்பீங்களா, எத்தனை பேருக்கு வரும்' என்று கேளுங்கள். உடனே எடை சொல்லிப் பதில் தருகிற கடையில் கோழி இருக்கிறது. 'எல்லாம் இருக்கு, வாங்க' என்றால் முந்தின நாளே வறுத்து வைத்ததைத்தான் சூடாக்கித் தருவார்கள்.

தொண்டி கடற்கரை:

மீனுக்கு நான் சொல்றேன். எந்த மாசம் போனீங்கன்னு முதல்ல சொல்லுங்க. கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகுக்குத் தடை. காரைக்குடிக்கு மீன் வர்றது தொண்டி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கத்திலேருந்து. தடைக்காலத்துல பெரிய மீன்னு வர்றது பாதிக்கு மேல ஐஸ்ல கிடந்ததா இருக்கும், இல்லேன்னா மேற்குக் கரையிலேருந்து லாரியில வந்ததா இருக்கும். உறைஞ்சு உருகின மீனோட தசை விட்டுப் போயிருக்கும். கொதிக்கிற புளிக்குழம்புல போட்டா உதிரத்தான் செய்யும்.

தடைக்காலத்துல வஞ்சிரம் கேக்காதீங்க. நாட்டுப்படகு அப்பவும் போகும். கரையோரத்துல பிடிக்கிற நண்டும் சின்ன மீனும் அன்னன்னைக்கு வரும். பாக் நீரிணை நண்டுக்குப் பேர் போன கடல், சித்திரை வைகாசியில காரைக்குடி மெஸ்ஸுக்குப் போனா நண்டு மசாலாவும் நண்டு ரசமும்தான் புத்திசாலித்தனம். நண்டு புதுசான்னு இலையிலேயே தெரியும். ஓட்டை உடைச்சா சதை முழுசா, வெள்ளையா, நாரா வெளிய வரணும். கூழா ஒழுகினா, மூக்குல சுருக்குனு ஒரு நெடி ஏறினா அப்படியே ஒதுக்கி வச்சிருங்க. மசாலா எவ்வளவு நல்லா இருந்தாலும் சாப்பிட வேண்டாம்.

தடை இல்லாத மாசத்துலயும் மீன் உதிர்ந்தா அது கரண்டி வேலை. புளிக்குழம்பு முழுசாக் கொதிச்சு எண்ணெய் பிரிஞ்ச பிறகுதான் மீன் போடணும். எட்டு நிமிஷத்துக்கு மேல அடுப்புல நிக்கக்கூடாது. போட்டதுக்கு அப்புறம் கரண்டியே கூடாது, சட்டியை ரெண்டு கையாலப் பிடிச்சு ஒரு சுத்து சுத்தி வைக்கணும். பெரிய அண்டாவைச் சுத்த முடியாதுல்ல, கரண்டியை விடுவாங்க. அதனால பெரிய கடையில நல்ல மாஸ்டர் குழம்பைத் தனியா, மீனைத் தனிச்சட்டியில கொஞ்சம் கொஞ்சமா வேக வைப்பார்.

பல்லவன் பயணி:

போனது மே மாதம்தான். மீன் கணக்கு அப்படியே பொருந்துகிறது. சரி, எந்த நேரம், எந்தக் கிழமை? அப்பாவுக்குக் காரம் ஆகாது, அதற்கும் வழி சொல்லுங்கள்.

செக்காலை வாசி:

பன்னிரண்டரை. பன்னிரண்டுக்கு முன் போனால் குழம்பு இறக்கின சூட்டில் இருக்கும், எண்ணெய் பிரிந்திருக்காது, உப்பும் சேர்ந்திருக்காது. இரண்டு மணிக்குப் பிறகு அடிச்சட்டி. சூடு பண்ணிப் பண்ணித் தண்ணீர் விட்டிருப்பார்கள், வறுவலில் வெங்காயம் கறுத்திருக்கும். ஞாயிறு கறி புதுசாக இருக்கும், ஆனால் கூட்டத்தில் மாஸ்டர் சொன்ன எல்லாம் நடக்கும், ஒரே அண்டா, அவசரம். புதன், வியாழன் நல்லது. தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழநிக்குப் பாதயாத்திரை போகும் நாட்களிலும், பிள்ளையார்பட்டி சதுர்த்தி விழா நாட்களிலும் ஊரே நிரம்பி வழியும், கறிச் சாப்பாட்டுக்கு என்று அப்போது வர வேண்டாம். புரட்டாசியில் கூட்டம் குறைவு என்று சிலர் ஆசைப்படுவார்கள். கறி விற்பனையும் குறைவாக இருப்பதால் சரக்கு மெதுவாக நகரும். அதைவிட ஐப்பசி பிறந்தபின் போகலாம்.

'தி பங்களா' போன்ற பாரம்பரிய விடுதிகளில் இலைச் சாப்பாடு வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டுப் போவது நல்லது. அது வேறு வகைச் சாப்பாடு, மெஸ்ஸோடு ஒப்பிடக்கூடாது.

கோட்டையூர் ஆச்சி:

காரம் ஆகாதவருக்குக் கோழி ரசம், இல்லையென்றால் தண்ணிக்குழம்பு. சைவமாக வேண்டுமென்றால் வெண்டைக்காய் மண்டி இருக்கிறதா என்று கேளுங்கள். அரிசி களைந்த தண்ணீரில் புளி கரைத்து, வெங்காயம் பூண்டு பச்சைமிளகாயோடு வைப்பது. முதலில் களைந்த தண்ணீரில் வைத்தால் ஒரு புழுங்கல் நாற்றம் வரும், இரண்டாவது களைந்த தண்ணீர்தான் எடுக்க வேண்டும். நல்ல மண்டியில் வெண்டைக்காய் முழுசாக இருக்கும், வழவழப்பு துளியும் இருக்காது, ஏனென்றால் எண்ணெயில் தனியாக வதக்கிய பிறகுதான் புளித்தண்ணீரில் சேரும்.

கடைசியில் கவுனி அரிசி வையுங்கள். பர்மாவிலிருந்து வந்த பழக்கம் என்பார்கள். இரவு முழுதும் ஊறணும், ஊறின தண்ணீரிலேயே வேகணும், ஏனென்றால் நிறமும் மணமும் அந்தத் தண்ணீரில்தான் இறங்கியிருக்கும். ஒரு டம்ளருக்கு மூன்றரை டம்ளர் தண்ணீர். கைவிரலில் நசுங்கும் வரை வெந்த பிறகுதான் சர்க்கரை, தேங்காய்த்துருவல், ஏலம், நெய். சர்க்கரையை முந்திப் போட்டால் அரிசி விறைத்துக்கொள்ளும், அப்புறம் எத்தனை விசில் விட்டாலும் பல்லில் கடிபடும். கடையில் கடிபட்டால் காரணம் இதுதான், அரிசி மட்டமில்லை.

சரக்கு மாஸ்டர்:

சாயங்காலம் வரைக்கும் ஊர்ல இருந்தா வெள்ளைப் பணியாரத்தையும் ஒரு கை பாருங்க. மதியம் உப்புக்கறி மாதிரி, டிபனுக்கு இதுதான் பரீட்சை. பச்சரிசியை ஒரு டம்ளர் தலைதட்டி அளந்து, அது மேலயே கோபுரமா நிக்கிற அளவு உளுந்து. ரெண்டு மணி நேரம் சேர்த்து ஊறவச்சு, வெண்ணெயா அரைச்சு, உப்பு, அரைத் தேக்கரண்டி சர்க்கரை, கொஞ்சம் பால். தோசை மாவை விட ஒரு படி தளர்ந்து இருக்கணும். புளிக்க விடவே கூடாது. அரைச்ச ஒரு மணி நேரத்துக்குள்ள சுட்டு முடிச்சிடணும்.

ஒரு கரண்டி மாவை எண்ணெய் நடுவுல ஊத்தினா அடியில போய்ப் படர்ந்து, தானா மேல வந்து, நடுவுல உப்பி, சுத்தி ஓரம் சல்லடையாச் சுருங்கி நிக்கணும். நிறம் வெள்ளைதான். உளுந்து கூடினா பந்தா உப்பி எண்ணெய் குடிக்கும். மாவு நீர்த்தா அப்பளமாப் படர்ந்து ஓட்டை விழும். சிவந்திருந்தா எண்ணெய் அதிகமா காய்ஞ்சிருக்கு, இல்லேன்னா காலைல அரைச்ச மாவு புளிச்சிருக்கு. கடிச்சா லேசாப் புளிப்பு தெரியுதான்னு பாருங்க, எதுன்னு தெரிஞ்சிடும். ஒரு தடவைக்கு ஒண்ணுதான் சுட முடியும், அதனால தட்டுக்கு ஆறு பணியாரம் ரெண்டே நிமிஷத்துல வந்தா அது முன்னாடியே சுட்டு அடுக்கினது. தொட்டுக்க வரமிளகாய்த் துவையல் கேளுங்க, தேங்காய்ச் சட்னி இதுக்குச் சேராது.

பல்லவன் பயணி:

போய் வந்தோம். வியாழக்கிழமை, பன்னிரண்டரை மணிப் பந்தி. காலையில் ஒன்பதரைக்கே போன் போட்டு நாட்டுக்கோழி கேட்டதற்கு, 'ஒண்ணேகால் கிலோ விடைக்கோழி ஒண்ணு இருக்கு, நாலு பேருக்கு வரும்' என்று பதில் வந்தது.

உப்புக்கறி ஆச்சி சொன்ன கணக்குக்கு ஏறக்குறைய முழுசாகப் பொருந்தியது. மிளகாய்த்தோல் சுருண்டு செம்பழுப்பு, பூண்டு முழுசு, அழுத்தினால் நசுங்கியது, கையில் ஒட்டின நிறம் வெறும் தண்ணீருக்குப் போகவில்லை. எண்ணெய் நல்லெண்ணெய்தான், ஆறினபின்னும் வாசம் நின்றது. கோழி நாராகப் பிரிந்தது, கல்பாசி வாசமும் திரும்ப வந்திருந்தது. கறிக்குழம்பில் மட்டும் அந்த இனிப்பு இன்னும் இருக்கிறது. சோற்றில் ஊற்றி விட்டுப் பார்த்ததில் எண்ணெய் கொஞ்சம் பிரிந்தது, ஓரத்தில் களியும் நின்றது. பொட்டுக்கடலைதான். அப்பாவுக்குக் கோழி ரசம், இரண்டாவது முறை கேட்டு வாங்கினார். கவுனி அரிசி கடிபடவில்லை. அம்மாவுக்கு அதுவே போதுமாயிருந்தது. ருசி போய்விட்டது என்ற நினைப்பு போய்விட்டது. நிறைவான சாப்பாடு.

ஒரு கேள்வி மிச்சம். உப்புக்கறியும் கறிக்குழம்பும் சென்னைக்குப் பார்சல் எடுத்துப் போகலாமா?

சரக்கு மாஸ்டர்:

கறிக்குழம்பு வேண்டாம். அரைச்சு விட்ட தேங்காய் இருக்கு, வெயில் நாள்ல நாலு மணி நேரம் தாங்காது. உப்புக்கறிக்குத் தேங்காய் இல்லை, தண்ணியும் சுண்டியிருக்கு, ஆனா அதையும் சுடச்சுட மூடிக் கட்டினா வேர்த்துக் கெட்டுப்போகும். வாங்கினதும் எவர்சில்வர் டப்பாவுக்கு மாத்தி, திறந்து வச்சு ஆறவிட்டு, விடுதியிலயோ உறவுக்காரங்க வீட்டுலயோ ஃப்ரிட்ஜ்ல ராத்திரி வைங்க. அதிகாலை பல்லவன் ரயில்ல ஏறும்போது ஐஸ் பை போட்ட பெட்டியில எடுத்துட்டுப் போனா மதியத்துக்குள்ள எழும்பூர். வீட்டுல இருப்புச்சட்டியில சின்னத் தீயில ஒரு கைத்தண்ணி தெளிச்சு, ஆவி நல்லாப் பறக்கிற வரைக்கும் சூடு பண்ணிச் சாப்பிடுங்க. மறுபடி எண்ணெய் ஊத்த வேண்டாம், இருக்கிற எண்ணெயே இளகிப் பிரியும். மைக்ரோவேவ்ல வச்சா மிளகாய்த்தோல் விறைச்சுத் தொண்டையில குத்தும்.

கோட்டையூர் ஆச்சி:

மாஸ்டர் சொன்னது சரி. குழம்புதான் வேண்டுமென்றால், அரைத்து விடுவதற்கு முன்னால் எடுத்துவைத்த கறிக்குழம்பு தர முடியுமா என்று காலையில் போன் போடும்போதே கேளுங்கள். பழகின கடை என்றால் தருவார்கள். ஆறவைத்து ஐஸில் எடுத்துப் போவதெல்லாம் மாஸ்டர் சொன்னபடியேதான். சென்னையில் போய் அரைமூடித் தேங்காய், ஒரு தேக்கரண்டி சோம்பு, ஒரு தேக்கரண்டி கசகசா வெந்நீரில் ஊறவைத்து அரைத்து விட்டு இரண்டு கொதி விடுங்கள். பொட்டுக்கடலையும் உங்கள் பக்கம் வராது.